ஐஸ் விழாத செவ்வாய்க்கிழமை

என் மனைவியின் தம்பிக்கு நான் ஒரு கெடுதல் செய்தேன். அதைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் ஒரு ஃப்ரிட்ஜைப் பற்றியும் பிறகு கொஞ்சம் சீலா மீனைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. படிக்கிறவர்கள் சிரித்தால் எனக்கு வருத்தமில்லை. நானே பல இடங்களில் சிரித்திருக்கிறேன். சிரித்துவிட்டு எழுந்து போய்விட முடியாமல் போனதுதான் தொந்தரவு.

எழுபதுகளின் நடுவில் நான் தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் இயற்பியல் விரிவுரையாளன். மைத்துனனுக்கு அப்போது இருபத்தாறு வயது. ஐடிஐ படித்துவிட்டு, மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் ஒரு ஐஸ் ஃபேக்டரியில் கம்ப்ரெஸருக்குக் காவலாக இருந்தான். காவல் என்றால் அது ஓடும்போது பக்கத்தில் நிற்பது, நின்றுபோனால் ஓடவைப்பது. அவனுக்கு ஒரே ஆசைதான் இருந்தது. சொந்தமாக ஒரு ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கடை. ஊரில் மொத்தம் எத்தனை ஃப்ரிட்ஜ் இருக்கும் என்று நான் கிண்டல் செய்வேன். வரும் அத்தான், வரும்போது நாம ரெடியா இருக்கணும் என்பான்.

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் அவன் மூலமாகத்தான் வந்தது. ஏதோ ஒரு அமெரிக்கக் கப்பலிலிருந்து கழித்துவிட்ட சாமான்களைச் சுங்க இலாகா ஏலம் போட்டது. ஐஸ் ஃபேக்டரி முதலாளி அதில் கயிறும் தார்ப்பாயும் எடுக்கப் போனார். கூடப் போன இவன், பீரோ போல நின்ற ஒரு வெள்ளைப் பெட்டியைக் கண்டு அங்கேயே நின்றுவிட்டான். யாரும் கேட்கவில்லை. மாட்டு வண்டியில் ஏற்றி, மேலே வைக்கோல் போர்த்தி எங்கள் தெருவுக்குக் கொண்டுவந்தான். தெரு முழுக்கப் பின்னால் வந்தது. வாசல் நிலை குறுகலாக இருந்ததால் கதவைக் கழற்றித்தான் பெட்டியை உள்ளே கொண்டுபோனோம்.

அந்தப் பெட்டி அமெரிக்கக் கரண்டுக்குப் பழகியது. நம் கரண்டைப் பாதியாகக் குறைத்துக் கொடுக்க அவன் ஒரு டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றித் தயார் செய்தான். துருவைச் சுரண்டினான், வாயு அடைத்தான், கதவு ரப்பருக்கு சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினான். மூன்று வாரம் கழித்து ஃப்ரிட்ஜ் குளிர்ந்தது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் மேல்தட்டு உறைபெட்டிக்குள் இன்னொரு எந்திரம் இருந்தது. தானாகவே ஐஸ் செய்கிற எந்திரம். பின்பக்கம் ஒரு குழாய் வழியாகத் தண்ணீர் வந்து ஒரு தட்டில் நிறையும். உறைந்ததும் சின்ன மோட்டார் ஒன்று சுழன்று, இரும்புப் பற்களால் ஐஸைத் தள்ளிவிடும். பிறை பிறையாக ஐஸ் கீழே இருக்கும் தொட்டியில் சடசடவென்று விழும். மறுபடி தண்ணீர், மறுபடி ஐஸ். கிணற்று உப்புத் தண்ணீர் ஆகாது என்று, ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் ஆற்றுத் தண்ணீரைப் பிடித்துவைக்க மொட்டைமாடியில் தனியாக ஒரு டிரம் வைத்தான். அங்கிருந்து மெல்லிய குழாய் ஒன்று சுவரோடு இறங்கி எந்திரத்துக்குப் போனது.

முதல் ஐஸ் விழுந்த சத்தத்தில் என் மனைவி, அலமாரியிலிருந்து பாத்திரம் சரிகிறது என்று அடுப்பங்கரைக்கு ஓடினாள். மைத்துனன் தரையில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். அழுதானா சிரித்தானா என்று தெரியவில்லை.

பெரிய மார்க்கெட் பக்கம் ரேடியோவும் மின்விசிறியும் விற்கிற ஒரு அண்ணாச்சி இருந்தார். அவர் கடையை ஒட்டி ஒரு சின்ன அறை காலியாகக் கிடந்தது. இந்தச் செய்தி அவர் காதுக்குப் போயிற்று. பையன் வேலை தெரிந்தவன் என்றால் அந்த அறையைக் கொடுக்கலாம், இனி ஃப்ரிட்ஜும் விற்கப்போகிறேன், ரிப்பேருக்கு ஆள் வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். ஒருநாள் நேரில் வந்து ஐஸ் விழுவதைப் பார்ப்பதாகவும் சொன்னார். மைத்துனன் அன்று முதல் கடைக்கு என்ன நிறத்தில் போர்டு எழுதுவது என்று யோசித்துக்கொண்டே திரிந்தான்.

இனி மீனுக்கு வருகிறேன்.

நாங்கள் ஆற்றங்கரைப் பக்கம் நெல் விளைவிக்கிற சைவக் குடும்பம். மனைவி வீடும் அப்படியே. முட்டை விற்கிற கடையில் தீப்பெட்டி வாங்காதவள் அவள். நானும் முப்பது வயது வரை அப்படித்தான் இருந்தேன். கல்லூரியில் எனக்கு நெருங்கிய நண்பர் ஒருவர், கடலோர மணப்பாட்டுக்காரர், வரலாறு நடத்துகிறவர். ஒரு கிறிஸ்துமஸுக்கு அவர் ஊருக்குப் போனேன். பந்தியில் எனக்கென்று தனியாக வாழைக்காய் பொரித்து வைத்திருந்தார்கள். பக்கத்து இலையில் ஒரு துண்டு சீலா மீன் பொன்னிறமாகக் கிடந்தது. வாழைக்காயும் அதுவும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தன, நான் தவறி எடுத்துவிட்டேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். தெரிந்துதான் எடுத்தேன்.

நண்பர் சனி ஞாயிறு மணப்பாட்டில் இருப்பார். திங்கட்கிழமை காலை பஸ்ஸில் வரும்போது அவர் வீட்டம்மா பொரித்துக் கொடுத்த மீனை ஒரு பிஸ்கட் டின்னில் எனக்குக் கொண்டுவருவார். கல்லூரியில் வைத்துச் சாப்பிட வழியில்லை. தமிழ்த் துறையில் என் மனைவியின் சித்தப்பா இருந்தார், ஆசிரியர் அறையில் எனக்கு எதிர் நாற்காலி. ஆகவே டின்னை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வீட்டில் ஒளித்துவைக்க உறைபெட்டியைவிட நல்ல இடம் உலகத்தில் உண்டா? உறைந்த மீனுக்கு வாசனை கிடையாது. மனைவியோ மேல்தட்டுக் கதவைத் திறக்கவே மாட்டாள். அந்தக் குளிர் மூக்கில் ஏறினால் சளி பிடிக்கும் என்பது அவள் கட்சி. பாலும் மாவும் வைக்கக் கீழ்த்தட்டு அவளுடையது. ஐஸ் முழுக்க என் இலாகா.

டின்னை நிற்கவைத்தால்தான் தொட்டியில் கொள்ளும். அதற்காகத் திங்கட்கிழமை தோறும் தொட்டியில் கிடந்த ஐஸை எல்லாம் வாளியில் அள்ளித் தெருவுக்குக் கொடுத்துவிடுவேன். நன்னாரி சர்பத்துக்கு, காய்ச்சல்காரர் நெற்றிக்கு, சும்மா வாயில் போட்டுக்கொள்ள என்று ஆட்கள் பாத்திரத்தோடு வருவார்கள். தாராள மனசு என்று எனக்கு நல்ல பெயர். டின்னை உள்ளே செருகும்போது தொட்டிக்கு மேல் குறுக்கே ஓடுகிற தடித்த கம்பி ஒன்று மூடியில் இடிக்கும். வாளிப் பிடி போல வளைந்த கம்பி. அதை ஒரு விரலால் மேலே தூக்கிவிட்டு டின்னை அடியில் தள்ளுவேன். கம்பி டின்னின் தலைமேல் உட்கார்ந்துகொள்ளும். அது எதற்காக அங்கே இருக்கிறது என்று நான் ஒருதரம்கூட யோசிக்கவில்லை. நெம்புகோல் தத்துவத்தை ஆண்டுதோறும் நூறு பேருக்கு நடத்துகிறவன் நான்.

செவ்வாயும் வெள்ளியும் மனைவி மாலையில் கோயிலுக்குப் போவாள். போக, கும்பிட, மூன்று பேரோடு பேசி வர ஒன்றரை மணி நேரம். அதுதான் என் விருந்து நேரம். செவ்வாய் பாதி டின், வெள்ளி மீதி. அவள் அடுப்பில் மீனை வைக்க எனக்குத் துணிச்சல் இல்லை. இஸ்திரிப் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, இரண்டு செங்கல்லுக்கு நடுவே நிறுத்தி, அதன்மேல் துண்டுகளை வைத்துச் சூடாக்குவேன். பின்கட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து தின்பேன். முடிந்ததும் வாசனை போக வீடு முழுக்கச் சாம்பிராணி போடுவேன். அந்த இஸ்திரிப் பெட்டியால் பிறகு சட்டை தேய்க்க முடியவில்லை. கசங்கிய சட்டையோடு கல்லூரிக்குப் போனேன். மாணவர்கள் அதை அறிவின் அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள்.

சாம்பிராணி விஷயம் மட்டும் என் கையை மீறிப் போயிற்று. கோயில் வாசலை மிதிக்காத மனுஷன் இப்போது செவ்வாய் வெள்ளி தவறாமல் வீட்டில் தூபம் போடுகிறார் என்று மனைவி சொந்தக்காரர்களிடம் எல்லாம் சொன்னாள். சித்தப்பா ஆசிரியர் அறையில் எழுந்து வந்து என் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

இந்தச் சமயத்தில்தான் ஐஸ் எந்திரம் நிற்க ஆரம்பித்தது. திங்கட்கிழமை மாலைக்குமேல் ஒரு துண்டு விழாது. சனிக்கிழமை மறுபடி விழும். மைத்துனனுக்கு ஞாயிறுதான் விடுமுறை. அவன் வந்து பார்க்கும்போது எந்திரம் சமர்த்தாக வேலை செய்துகொண்டிருக்கும். முதல் ஞாயிறு குழாயில் உப்புப் படிந்திருக்கும் என்று எலுமிச்சைச் சாறு விட்டு அலசினான். அடுத்த ஞாயிறு தண்ணீர் திறக்கிற வால்வைக் கழற்றி, சாமி நகைபோலத் துடைத்து மாட்டினான். மூன்றாவது ஞாயிறு அவனுக்கு ஒரு யோசனை உதித்தது. ஞாயிற்றுக்கிழமை நூற்பு மில்லுகள் ஓடுவதில்லை, அதனால் கரண்டு நிறைவாக வருகிறது, திங்கட்கிழமை மில்லு ஓடத் தொடங்கியதும் கரண்டு குறைகிறது, எந்திரம் படுத்துவிடுகிறது. எனக்கே அது நல்ல விளக்கமாகப் பட்டது. பலகையில் எழுதிக் காட்டி அதற்கு ஒரு சமன்பாடுகூடக் கொடுத்தேன். அவன் டிரான்ஸ்ஃபார்மரில் இன்னும் சில சுற்றுக் கம்பி ஏற்றினான். திங்கட்கிழமை மாலை ஐஸ் நின்றது.

மனைவிக்குத் தம்பிமேல் கோபம் ஏறிக்கொண்டே வந்தது. தெருவில் ஒவ்வொருத்தியும் ஐஸ் இருக்கா என்று கேட்டுக் கேட்டு, இல்லை என்று சொல்வதே அவளுக்கு வேலையாகிவிட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை அண்ணாச்சி வந்துவிட்டார். வாசலில் அவருடைய கனைப்புச் சத்தமும் மைத்துனன் குரலும் கேட்டன. நல்லவேளையாகவோ கெட்டவேளையாகவோ நான் அப்போதுதான் கல்லூரியிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். மனைவி கோயிலுக்குப் புறப்படத் தலையில் பூ வைத்துக்கொண்டிருந்தாள். நான் ஃப்ரிட்ஜுக்குப் பாய்ந்து, டின்னை எடுத்து, விடைத்தாள் கட்டு வைத்திருந்த என் துணிப்பைக்குள் செருகி நாற்காலியில் மாட்டினேன். எனக்கு மீன் மறைந்தால் போதும் என்றிருந்தது. ஐஸைப் பற்றி எனக்கு நினைவே இல்லை.

மைத்துனன் வெள்ளை வேட்டி கட்டியிருந்தான். அண்ணாச்சியை இன்னொரு நாற்காலியில் உட்காரவைத்து, மேல்தட்டைத் திறந்து தொட்டியை வெளியே இழுத்தான். காலி. அடியில் ஒரு துளி உறைபனி மட்டும் இருந்தது. எந்திரத்தின் தட்டில் உறைந்த ஐஸ் அப்படியே இருந்தது, கீழே தள்ளப்படாமல்.

அண்ணாச்சி நல்ல மனிதர். கால் மணி நேரம் காத்திருந்தார். காபி குடித்தார். இவன் அந்த எந்திரம் எப்படி எப்படி வேலை செய்யும் என்று விளக்கினான். வேலை செய்யாத ஒன்று எப்படி வேலை செய்யும் என்று விளக்குவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது யாருக்கும் கஷ்டம். நாற்காலியில் மாட்டிய பைக்குள் மீன் கொஞ்சம் கொஞ்சமாக இளக ஆரம்பித்தது. நான் அவசரமாகச் சாம்பிராணி போட்டேன். அண்ணாச்சி கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டார். வீடுன்னா இப்படி இருக்கணும் என்றார். பிறகு எழுந்து, மைத்துனன் முதுகில் தட்டி, பாப்போம்டே என்று சொல்லிவிட்டுப் போனார்.

விளக்குவதற்காக அத்தனை நேரமும் திறந்தே கிடந்த கதவை அவர் போனதும் மூடினான். ஒரு மணி நேரத்தில் ஐஸ் விழுந்தது. சடசடவென்று, தொட்டி அதிர.

மைத்துனன் இந்தத் தடவை முகத்தை மூடிக்கொள்ளவில்லை. மேல்தட்டைத் திறந்து அந்தக் கம்பியையே பார்த்துக்கொண்டு நின்றான். விரலால் அதை மேலே தூக்கினான். உள்ளே மோட்டார் அடங்கியது. விட்டான். கம்பி இறங்கியது, மோட்டார் முனகியது. மறுபடி தூக்கினான், மறுபடி விட்டான். ஐந்தாறு தடவை. பிறகு என்னைக் கூப்பிட்டான்.

"அத்தான், இது சும்மா கம்பி இல்ல. இதோட கை. தொட்டிக்குள்ள தடவிப் பாக்குது. ஐஸ் நெறஞ்சிட்டா கை மேல நிக்கும், போதும்னு மெசின் நின்னுரும். கொறஞ்சா கை எறங்கும், மறுபடி செய்யும்."

எனக்குப் புரிந்துவிட்டது. அவன் சொல்லி முடிப்பதற்குள் புரிந்துவிட்டது. திங்கள் முதல் வெள்ளி வரை அந்தக் கை என் டின்னின்மேல் உட்கார்ந்து, தொட்டி நிறைந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தது. எந்திரத்தில் ஒரு கோளாறும் இல்லை.

அவனும் அங்கேதான் வந்துகொண்டிருந்தான்.

"ஐஸ் இல்லாமலே கை மேல நின்னுருக்கு அத்தான். அப்போ வேற என்னமோ இதுக்குள்ள இருந்திருக்கு. அக்கா, நீ இதுல எதும் வைக்கியா?"

மனைவி அடுப்பங்கரை வாசலில் நின்றாள். அந்தக் கதவைத் தொட்டதே இல்லை என்றாள். அது உண்மை. அவன் என் பக்கம் திரும்பினான்.

"நீங்க எதும் வச்சியளா அத்தான்?"

என் பை அவன் கைக்கு எட்டும் தூரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் அடியில் ஒரு ஈரவட்டம் விரிந்துகொண்டிருந்தது. குறைந்தது முப்பது விடைத்தாளாவது நனைந்திருக்கும்.

"நான் என்னத்தை வைக்கப் போறேன்" என்றேன்.

அவன் நம்பினான். நான் அவனுக்கு அத்தான் மட்டுமில்லை, இயற்பியல் படித்தவன். மனைவிக்குப் பொறுமை போய்விட்டது. கோயிலும் போயிற்று, தெருவில் மானமும் போயிற்று, அண்ணாச்சியும் போனார்.

"வைக்கலைன்னா வைக்கல. ஒனக்கு வேலை தெரியுமா தெரியாதா, அதை மட்டும் சொல்லுலே" என்றாள்.

அவன் கையிலிருந்த திருப்புளியைத் துடைத்துச் சாமான் பெட்டிக்குள் வைத்தான்.

"தெரியலக்கா" என்றான்.

நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். ஒரு வாக்கியம் போதும். சீலா மீன் என்று இரண்டே சொல் போதும். என் மனைவி ஒரு வாரம் பேசமாட்டாள், சித்தப்பா எதிர் நாற்காலியை மாற்றிக்கொள்வார், ஊரில் மாமனார் காதுக்குப் போகும். எல்லாம் ஆறு மாதத்தில் ஆறிவிடும். எனக்கு அந்த ஆறு மாதம் பெரிதாகத் தெரிந்தது.

அதோடும் முடியவில்லை. இன்னும் இரண்டு இடத்தில் எனக்குச் சந்தர்ப்பம் கிடைத்தது. இரண்டிலும் தவறினேன்.

வியாழக்கிழமை அண்ணாச்சி கடைப் பக்கம் போனபோது அவர் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். அறைக்கு இன்னொரு ஆளும் கேட்கிறான், மதுரையில் வேலை பார்த்தவன், உங்கள் மைத்துனன் என்பதால் உங்களைக் கேட்காமல் செய்யக்கூடாது என்றார். "சார், நீங்க படிச்சவிய. பையன் கையில வேலை இருக்கா, சொல்லுங்க. நீங்க சொன்னா குடுத்துருதேன்" என்றார். இருக்கிறது என்று சொன்னால், பிறகு அன்றைக்கு ஐஸ் ஏன் விழவில்லை என்று கேட்பாரே என்று எனக்குப் பயம். பையன் நல்ல பையன், இன்னும் கொஞ்சம் நிதானம் வரணும் என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அறை மதுரைக்காரனுக்குப் போயிற்று.

அடுத்தது இதைவிடக் கேவலம். டின்னை நான் அதன்பிறகு அங்கே வைக்கவில்லை. ஆகவே ஐஸ் திங்கட்கிழமையும் விழுந்தது, செவ்வாய்க்கிழமையும் விழுந்தது, விழுந்துகொண்டே இருந்தது. என்ன செய்தீர்கள் என்று மனைவி கேட்டாள். ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லியிருக்கலாம், அது உண்மையும்கூட. நான் சின்ன அட்ஜஸ்ட்மென்ட் ஒன்று செய்ததாகச் சொன்னேன். அவள் அதைத் தெருவுக்குச் சொன்னாள். தம்பிக்கு ஒரு மாசமாகப் பிடிபடாததை இவர் ஒரு சாயங்காலத்தில் சரிசெய்துவிட்டார் என்று. அடுத்த வாரமே ஒரு டாக்டர் வீட்டிலிருந்து ஃப்ரிட்ஜ் பார்க்க என்னைக் கூப்பிட ஆள் வந்தது. தேர்வுத் தாள் திருத்த வேண்டும் என்று தப்பித்தேன். கூப்பிட வந்தவர்கள் என் அடக்கத்தை மெச்சினார்கள்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை, தெருப் பேச்சைக் கேட்டுவிட்டு மைத்துனன் வந்தான். பெட்டி கொண்டுவரவில்லை. தொட்டி நிறைய ஐஸ் குவிந்து கிடப்பதைப் பார்த்தான். என்ன பண்ணுனிய அத்தான் என்று கேட்டான், கற்றுக்கொள்கிற ஆர்வத்தோடுதான் கேட்டான். அந்தக் கையின் இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்தினேன் என்றேன். அவன் கம்பியைத் தொட்டுப் பார்த்தான். அதில் தளர்த்த ஒன்றுமே கிடையாது என்று எனக்கு இன்று தெரியும். அவனுக்கு அன்றே தெரிந்திருக்க வேண்டும். ஆனால் தனக்குத் தெரிந்ததை நம்புவதை அவன் செவ்வாய்க்கிழமையோடு நிறுத்திவிட்டான். தலையை ஆட்டிவிட்டு, சாப்பிடாமல் போனான்.

இரண்டு மாதத்தில் ஐஸ் ஃபேக்டரியை விட்டான். சாமான் பெட்டியை அங்கே கூட வேலை பார்த்தவனுக்குக் கொடுத்துவிட்டான். உப்பளத்தில் எடைக் கணக்கு எழுதப் போனான், முப்பது வருஷம் அங்கேயே இருந்தான். கல்யாணம் ஆயிற்று, பிள்ளைகள் படித்தார்கள். குறை சொல்ல முடியாத வாழ்க்கை. அவன் முகத்தைப் பார்த்து யாரும் பரிதாபப்பட வேண்டியதில்லை. ஆனால் வீட்டில் ஒரு மின்விசிறி நின்றால்கூட அவன் ஆளைக் கூப்பிடுவான். மனைவி மூன்று மாதம் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. தீபாவளிக்குத்தான் சரியானது.

நான் என்ன ஆனேன் என்றால், எட்டு மாதம் மீன் தொடாமல் இருந்தேன். அது பிராயச்சித்தம் என்று நினைத்துக்கொண்டேன். ஒன்பதாவது மாதம் மணப்பாட்டு நண்பர் வீட்டுக்கே நேராகப் போய்ச் சாப்பிட ஆரம்பித்தேன். எட்டு மாதத்துக்கும் சேர்த்துச் சாப்பிட்டேன்.

இதையெல்லாம் அவனிடம் நான் சொன்னது போன ஆடி மாதம். நாற்பது வருஷத்துக்குமேல் ஆயிற்று. அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். அடுப்பங்கரையில் ஒரு மெக்கானிக் அவன் வீட்டு ஃப்ரிட்ஜைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான். இவன் மட்டும் நாற்காலியை வாசலுக்கு எடுத்துவந்து, அடுப்பங்கரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். உள்ளே போய்ப் பார்க்கலாமே மாப்ளே என்றேன். எனக்கு அதெல்லாம் வராது அத்தான், ஒங்களுக்குத் தெரியுமே என்று சிரித்தான்.  அங்கேயே உட்கார்ந்து சொல்லிவிட்டேன். மணப்பாடு, டின், இஸ்திரிப் பெட்டி, துணிப்பை, அண்ணாச்சியிடம் சொன்னது, எல்லாம்.

அவன் குறுக்கிடாமல் கேட்டான். முடிந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி எனக்கு இன்னும் விளங்கவில்லை, அல்லது நன்றாக விளங்குகிறது.

"டின் என்ன ஒயரம் இருக்கும்?"

கையால் காட்டினேன். அவன் ஒரு கண்ணைச் சுருக்கிக் காற்றில் எதையோ அளந்தான். தொட்டியின் ஆழம், கம்பியின் வளைவு எல்லாம் அவனுக்கு நினைவு இருந்தது.

"நின்னுரும்" என்றான். "கண்டிப்பா நின்னுரும். அப்போ நான் சொன்னது சரிதான்."

"சரிதான்."

"வேற என்னமோ உள்ள இருக்குன்னு சொன்னேன்லா."

"சொன்ன."

 நான் மன்னிப்புக் கேட்டேன்.  அக்காட்ட சொல்லியாச்சா என்று கேட்டான். இல்லை என்றேன்.

"எங்கிட்ட தெரியுமா தெரியாதான்னு கேட்டது அவதான். அவட்ட போய்ச் சொல்லுங்க. சொல்லிட்டு வாங்க."

ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன். மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நின்றுகொண்டே சொன்னேன். மீன் என்ற சொல் வந்த இடத்தில் அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. தம்பி கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதிலைச் சொன்னபோதுதான் கை நின்றது.

"அன்னைக்கே தெரியுமா ஒங்களுக்கு?"

"அன்னைக்கே தெரியும்."

கீரையை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள். முகம் கழுவினாள். பையை எடுத்துக்கொண்டு செருப்பைப் போட்டாள். நானும் வரவா என்றேன். வேண்டாம் என்றாள். அந்த வயதில், அந்த வெயிலில், டவுன் பஸ் ஏறித் தம்பி வீட்டுக்குப் போனாள். நான் கீரையை ஆய்ந்து வைத்தேன். தண்டும் இலையும் கலந்துவிட்டேன் என்று பிறகு தெரிந்தது.

விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பி வந்தாள். அங்கே என்ன பேசினார்கள் என்று இருவரும் இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை. கால் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு அவள் சொன்னது இவ்வளவுதான்.

"அவன் சிரிச்சிட்டான். சாம்பிராணியச் சொன்னதும் சிரிச்சிட்டான். நான் இன்னும் சிரிக்கல."

அவளிடம் என்ன செய்யட்டும் என்று கேட்டேன். ஊருக்கெல்லாம் நீங்கள்தான் சரிசெய்தீர்கள் என்று நான் சொன்னேனே, அந்த ஊருக்கு இப்போது யார் சொல்வது என்றாள். அந்த ஊரில் பாதிப் பேர் இப்போது இல்லை. அண்ணாச்சி இல்லை. சித்தப்பா இல்லை. எழுதத் தெரியும்லா, எழுதுங்க, இருக்கிறவர்களாவது படிக்கட்டும் என்றாள். அவன் பெயரைப் போட்டால் அவனுக்கு நன்றாக இருக்காது, உங்கள் பெயரைப் போட்டால் எனக்கு நன்றாக இருக்காது, பெயரில்லாமல் எழுதுங்கள் என்றும் சொன்னாள்.

எழுதியதைப் படித்துக் காட்டினேன். மீன் வருகிற இடங்கள் ரொம்ப நீளமாக இருக்கின்றன, தம்பி வருகிற இடங்கள் போதவில்லை என்றாள். அவள் சொன்னது சரி. ஆகவே இதை மட்டும் சேர்க்கிறேன்: அந்த ஐஸ் எந்திரத்தை மாட்டியவன் அவன். கரண்டு, தண்ணீர், வால்வு, எல்லாம் சரியாக மாட்டியிருந்தான். அந்த ஃப்ரிட்ஜ் எங்கள் வீட்டில் இன்னும் பதினோரு வருஷம் ஓடியது. அவ்வளவு காலத்தில் ஒரு மெக்கானிக்கும் அதைத் தொட வேண்டியிருக்கவில்லை.